ரிக்ஷா: சொல்லும் சுமையும்

நெடுந்தொலைவு நடப்பவன் வழியிலே தன் மூட்டையை இலேசாக்கிக் கொள்வது போல, நாடு விட்டு நாடு செல்லும் சொற்களும் தம் உறுப்புகளிற் சிலவற்றை வழியிலேயே உதிர்த்துவிடுகின்றன. உதிர்வது பெரும்பாலும் வெறும் ஒலியாகவே இருக்கும். பொருளுக்குப் பழுது நேர்வதில்லை. ஆனால், ஒரு சொல்லின் பயணத்தில் மனிதனே உதிர்ந்து போனான் என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அந்தச் சொல் நாம் அனைவரும் அறிந்த 'ரிக்ஷா' என்பதாகும்.

ஜப்பானிய மொழியில் இதன் முழுவடிவம் 'ஜின்ரிகிஷா'. மூன்று எழுத்துகளால் ஆனது அச்சொல். 'ஜின்' என்றால் மனிதன். 'ரிகி' என்றால் வலிமை. 'ஷா' என்றால் வண்டி. மனித வலிமையால் ஓடும் வண்டி என்பது பொருள். ஆள், வலு, வண்டி என்று நாம் பிரித்துச் சொல்லிக்கொள்ளலாம். கீழைத் துறைமுகங்களுக்கு வந்துபோன ஆங்கிலேயரின் நாவுக்கு இது நீளமாகப் பட்டது. முதலில் 'ஜின்ரிக்ஷா' என்று குறுக்கினர். பின்னர் அதுவும் பாரமாகி 'ரிக்ஷா' என்று நின்றது. ஆங்கிலத்தின் வழியே அது நம்மிடம் வந்து சேர்ந்தபோது வலு இருந்தது, வண்டி இருந்தது. ஆள் மட்டும் இல்லை.

இது தற்செயலாக நேர்ந்த ஒலிக்குறுக்கமே என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், இந்த வண்டியின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும்போது, சொல்லுக்கு நேர்ந்ததே அதனை இழுத்தவனுக்கும் நேர்ந்தது என்ற எண்ணம் நம்மை விட்டு அகல மறுக்கிறது.

பல்லக்கிலிருந்து சக்கரத்துக்கு

மனிதனை மனிதன் சுமப்பது புதிய வழக்கமன்று. சிவிகையைச் சுமப்பவனையும் அதில் அமர்ந்து செல்பவனையும் ஒரே குறளில் அருகருகே நிறுத்திக் காட்டினார் திருவள்ளுவர். அக்குறளின் பொருள் யாதென்பதில் பரிமேலழகர் தொடங்கி இக்காலத்தார் வரை உரையாசிரியர்கள் ஒன்றுபட்டதில்லை. சுமப்பவனின் நிலை அவன் வினைப்பயன் என்றனர் சிலர். அப்படிச் சொல்லாதே என்பதே வள்ளுவர் கருத்து என்றனர் வேறு சிலர். இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. தீராத அந்த வழக்கோடுதான் ரிக்ஷாவும் பிறந்தது.

ஜப்பானில் தோக்குகவா ஆட்சிக்காலத்தில் சக்கர வண்டிகளின் பயன்பாட்டுக்குப் பெருங் கட்டுப்பாடுகள் இருந்தன. வசதி படைத்தோர் 'காகோ' எனும் தொங்கு பல்லக்கில் சென்றனர். 1868இல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்டதும் பழைய தடைகள் தளர்ந்தன. மேலை நாட்டுக் குதிரை வண்டிகளைத் தோக்கியோ மக்கள் கண்டனர். ஆனால் குதிரைக்கு விலை மிகுதி. மனிதனுக்கோ விலை குறைவு. இந்த எளிய கணக்கிலிருந்தே ரிக்ஷா தோன்றியது. இஸூமி யோஸுகே என்பவரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் 1870இல் தோக்கியோ அரசிடம் இசைவு பெற்று இவ்வண்டியை ஓட்டத் தொடங்கினர். ஜோனதன் கோபிள் என்ற அமெரிக்கப் பாதிரியார் நோயுற்ற தம் மனைவிக்காக இதனை அமைத்தார் என்று கூறுவோரும் உளர். யார் செய்திருப்பினும், ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் தோக்கியோவில் மட்டும் நாற்பதாயிரம் ரிக்ஷாக்கள் ஓடின. நூற்றாண்டின் இறுதியில் ஜப்பான் முழுவதும் இரண்டு இலட்சத்துக்கு மேல் இருந்தன.

காகோவுக்கு ஒருவரைச் சுமக்க இருவர் வேண்டும். ரிக்ஷாவுக்கு ஒருவன் போதும்; வேகமும் அதிகம். ஆகவே இதனை அக்காலத்தார் முன்னேற்றம் என்றே கொண்டாடினர். அதில் உண்மையும் இருந்தது. பாரம் தோளிலிருந்து சக்கரத்துக்கு இறங்கியது. இரண்டு பெரிய சக்கரங்களுக்கு இடையிலுள்ள அச்சின்மேல் பயணியின் எடை சரியாக அமைந்துவிட்டால், இழுப்பவன் கையில் ஏர்க்கால்கள் இலேசாகவே இருக்கும். பழகியவன் தன் உடலை முன்னே சாய்த்து, அந்தச் சமநிலை குலையாமல் ஓடுவான். பயணி பின்னே சாய்ந்தால் ஏர்க்கால்கள் மேலெழும். முன்னே குனிந்தால் முழுப் பாரமும் கைக்கு வரும். இறக்கத்திலோ வண்டியே அவனைத் துரத்தும். பாதங்களை ஊன்றித் தன் உடலையே தடையாக்கி அவன் அதனை நிறுத்தவேண்டும். பார்ப்பவர்க்கு இது வெறும் ஓட்டம். செய்பவனுக்கோ மூச்சோடும் முழங்காலோடும் கற்ற தொழில்.

கடல் கடந்த வண்டி

1874இல் ரிக்ஷா ஷாங்காய் நகரத்தை அடைந்தது. அங்கிருந்து 1880இல் சிங்கப்பூருக்கு வந்தது. அதே ஆண்டையொட்டி இமயமலைச் சாரலில் சிம்லாவுக்கும், 1890களில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கும், 1900ஆம் ஆண்டளவில் சீன வணிகர் வழியாகக் கல்கத்தாவுக்கும் சென்றது. ஆங்கிலேயர் கொடி பறந்த துறைமுகங்களையும் மலைநகரங்களையும் இணைத்து ஒரு கோடு வரைந்தால் அதுவே பெரும்பாலும் ரிக்ஷா சென்ற வழியாகும்.

சென்ற இடமெல்லாம் அதற்குப் புதுப் பெயர்கள் கிடைத்தன. பீக்கிங் மக்கள் அதனை 'யாங்ச்சே' என்றனர். கடல்கடந்த வண்டி என்பது பொருள். பிரெஞ்சுக்காரர் 'பூஸ்-பூஸ்' என்றனர். தள்ளு-தள்ளு என்று பொருள்படும் அப்பெயர் மடகாஸ்கர் தீவில் இன்றும் வழங்குகிறது. வியட்நாமியர் 'ஸே கேயோ', அதாவது இழு வண்டி, என்றனர். ஹொக்கியன் சீனர் 'ஆள் வண்டி' என்று பொருள்படுமாறு அழைத்த பெயரே மலாய் மொழியில் 'லஞ்சா' ஆயிற்று. ஆங்கிலம் ஆளை விட்டுவிட்டு வலுவை வைத்துக்கொண்டது. ஹொக்கியனோ வலுவை விட்டுவிட்டு ஆளை வைத்துக்கொண்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஏறி அமர்ந்தவர்கள் மொழிக்கும் இழுத்து ஓடியவர்கள் மொழிக்கும் உள்ள வேற்றுமை நமக்குப் புலனாகிறது. ஏனெனில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ரிக்ஷாவை இழுத்தோர் சீனத் தொழிலாளரே ஆவர். நம் சென்னைப் பேச்சிலோ அது 'ரிஸ்கா' என்று எழுத்து முன்பின்னாக மாறி, நம்மூர்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.

சிம்லாவின் வழக்கம் சற்று வேறுபட்டது. அங்கே மேடும் பள்ளமும் மிகுதியாதலால் ஒரு வண்டிக்கு நால்வர் வேண்டியிருந்தது. இருவர் முன்னே இழுக்க, இருவர் பின்னே தள்ளினர். அதற்குமுன் 'ஜம்பான்' எனும் நாற்காலிப் பல்லக்கைச் சுமந்தவர்களே ரிக்ஷாவுக்கும் மாறினர். 'ஜம்பானி' என்ற பழைய பெயரே அவர்களுக்கு நிலைத்தது. நகரின் பெருவீதியில் மோட்டார் செலுத்தும் உரிமை அரசப் பிரதிநிதிக்கும் படைத்தலைவருக்கும் பஞ்சாப் ஆளுநருக்கும் மட்டுமே இருந்ததால், மற்ற அதிகாரிகளும் சீமாட்டிகளும் மனிதர் இழுத்த வண்டியிலேயே விருந்துக்குச் சென்றனர்.

டர்பனில் ஒரு மாலை

ரிக்ஷாவைப் பற்றிய செய்திகளுள் நம் நெஞ்சைத் தொடுவது ஒன்று டர்பனில் நிகழ்ந்தது. தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வணிகரின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள், 1896ஆம் ஆண்டின் இறுதியில் தம் குடும்பத்தாருடன் அந்நாட்டுக்கு மீண்டார். அவரைத் தாங்கி வந்த 'கூர்லண்ட்' கப்பல் தாதா அப்துல்லா நிறுவனத்துக்கே உரியது. இந்தியரை இறங்கவிடலாகாதென வெள்ளையர் கிளர்ந்தெழவே, கப்பல் வாரக்கணக்கில் கடலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. 1897 ஜனவரி 13ஆம் நாள் மாலை, அந்நிறுவனத்தின் சட்ட ஆலோசகரான லாட்டன் என்பவருடன் காந்தியடிகள் கரையிறங்கி நடந்தார். அவரை அடையாளங்கண்ட கூட்டம் பெருகியது. அபாயத்தை உணர்ந்த லாட்டன், வழியிற் கண்ட ரிக்ஷா ஒன்றை அழைத்தார்.

ரிக்ஷாவில் ஏறுவது காந்தியடிகளுக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. அன்று ஏறியிருந்தால் அதுவே அவருடைய முதல் ரிக்ஷாப் பயணமாக இருந்திருக்கும். ஆனால் கூட்டத்து இளைஞர்கள் வண்டியிழுத்த ஆப்பிரிக்கச் சிறுவனை அச்சுறுத்தவே, அவன் ஓட்டம் பிடித்தான். அதன் பின்னர்க் கல்லும் அழுகிய முட்டையும் பறந்ததும், காவல் அதிகாரி அலெக்ஸாந்தரின் துணைவியார் தம் குடையை விரித்துக் காந்தியடிகளைக் காத்ததும், அவர் பார்ஸி ருஸ்தம்ஜியின் இல்லத்தை அடைந்ததும் பலரும் அறிந்த வரலாறு. தம் வாழ்க்கை வரலாற்றில் அந்நிகழ்ச்சியை எழுதிய காந்தியடிகள், ரிக்ஷா மீது தமக்கிருந்த மனத்தடையையும் மறவாமல் பதிவு செய்தார். உயிருக்கு ஆபத்து வந்த வேளையை நினைவுகூரும்போதும், தம்மை இழுக்கவிருந்தவன் மனிதன் என்பதை அவர் மறக்கவில்லை.

அந்தச் சிறுவனின் பெயர் எவருக்கும் தெரியாது. வரலாற்றில் ஒரு கணம் நுழைந்து, அஞ்சி ஓடி மறைந்தான்.

வண்டி யாருடையது?

ரிக்ஷா இழுத்தவனின் துன்பம் ஓட்டத்தில் மட்டும் இருக்கவில்லை. அதன் வேர் வேறிடத்தில் இருந்தது. டோக்கியோவாயினும் பீக்கிங்காயினும் கல்கத்தாவாயினும் வண்டி அவனுடையதன்று. பல வண்டிகளை வாங்கி நிறுத்திய உரிமையாளரிடம் அவன் நாள் வாடகைக்கு எடுத்தான். பயணி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மழையானாலும் காய்ச்சலானாலும், வண்டியைத் தொட்டால் வாடகை விழும். முதல் சில சவாரிகள் முதலாளிக்கு. அதன் பிறகே தன் வயிற்றுக்கு. சொந்தமாக ஒரு வண்டி என்பதே அவனுடைய வாழ்நாள் கனவாயிற்று.

அந்தக் கனவின் கதையைச் சீன எழுத்தாளர் லாவோ ஷே எழுதினார். கிராமத்திலிருந்து பீக்கிங் வந்த ஷியாங்ஸி என்ற இளைஞன் மூன்றாண்டுக் காலம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணஞ்சேர்த்து ஒரு ரிக்ஷா வாங்குகிறான். போர்ப்படையினர் அதனைப் பறித்துச் செல்கின்றனர். மீண்டும் சேர்க்கிறான், மீண்டும் இழக்கிறான். நேர்மையும் உடல் வலிமையும் மட்டுமே முதலாகக் கொண்டவன் படிப்படியாகச் சிதைவதை அந்நாவல் காட்டுகிறது. 1945இல் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், ஆசிரியரின் இசைவின்றி முடிவை இன்பமாக மாற்றிவிட்டார். ரிக்ஷாக்காரன் அழிவதைக் காண அமெரிக்க வாசகர் விரும்பமாட்டார் என்ற கருத்துப் போலும்!

லாவோ ஷேயின் நாவல் இதழில் தொடராக வெளிவரத் தொடங்கியது 1936இல். அதே ஆண்டில் நம் நாட்டு முல்க் ராஜ் ஆனந்தின் 'கூலி' நாவலும் வெளிவந்தது. அதன் நாயகனான முன்னூ எனும் சிறுவன் பல ஊர் அலைந்து, இறுதியில் சிம்லாவில் ஒரு சீமாட்டியின் ரிக்ஷாவை இழுத்து, காசநோயால் மாண்டு போகிறான். இமயத்தின் இருபுறமும் இருந்த இரு எழுத்தாளர்கள், ஒரே ஆண்டில் ஒரே தொழிலாளியின் அழிவை எழுதினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1953இல் பிமல் ராய் இயக்கிய 'தோ பிகா ஜமீன்' திரைப்படமும் இவ்வரிசையில் நிற்பது. கடனுக்கு ஈடான இரண்டு பிகா நிலத்தை மீட்கக் கல்கத்தா சென்று ரிக்ஷா இழுக்கும் உழவனாகப் பல்ராஜ் சாஹ்னி நடித்தார். நடிப்புக்காக ரிக்ஷா இழுத்துப் பழகியபோது, அதே கதையைத் தன் சொந்தக் கதையாகச் சொன்ன பீகார்த் தொழிலாளி ஒருவரைத் தாம் சந்தித்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார். கதையை நாடி வாழ்க்கை வந்து சேர்ந்தது!

அடக்க முடியாத அக்டோபர்

ஒடுங்கிக் கிடந்த அம்மனிதன் ஒருநாள் வெடித்தெழுந்ததும் உண்டு. பீக்கிங் நகரில் 1924 முதல் மின்சார டிராம் ஓடியது. ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் ரிக்ஷா இழுத்துப் பிழைத்த நகரம் அது. தம் சோறு பறிபோவதைக் கண்டு புழுங்கிய ரிக்ஷாத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் 1929 அக்டோபர் 22ஆம் நாள் வீதியில் திரண்டு, டிராம் வண்டிகளை அடித்து நொறுக்கினர். படை வந்தே கலகத்தை அடக்கியது.

முன்னேற்றத்துக்கு எதிரான அறியாமை இது என்று சிலர் எழுதினர். நாம் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புக் கூற இயலாது. இழிவான தொழில் என்று நாம் கருதும் ஒன்றைக் காக்க அவர்கள் ஏன் உயிரைப் பணயம் வைத்தனர்? அதை இழந்தால் அடுத்த வேளைக்கு வேறு வழி அவர்களுக்குக் காட்டப்படவில்லை. வண்டி ஒழிவது வேறு. வண்டிக்காரன் ஒழிவது வேறு. இந்த வேற்றுமையை உணர அரசுகளுக்கு நெடுங்காலம் பிடித்தது.

சட்டம் கண்டதும் காணாததும்

ரிக்ஷாவைப் பற்றிய சட்டங்களுக்குக் குறைவில்லை. சிங்கப்பூரில் 1888இல் ரிக்ஷாக்களுக்கென்றே தனித்துறை ஏற்பட்டது. 1903இல் கட்டிய அதன் தலைமையகம் இன்றும் நீல் சாலை முனையில் நிற்கிறது. கல்கத்தாவில் 1919ஆம் ஆண்டின் வாடகை வண்டிச் சட்டம் ரிக்ஷாவையும் ஆண்டது. எண் பலகை, விளக்கு, கட்டணம், நிறுத்துமிடம் ஆகிய அனைத்தும் வகுக்கப்பட்டன. வண்டியை முறைப்படுத்திய சட்டங்கள், அதன் முன்னே ஓடியவனின் மூப்பையும் நோயையும் கணக்கில் எடுத்ததில்லை.

சென்னையில் நிகழ்ந்த மாற்றம் இதனின்றும் வேறுபட்டது. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் கை ரிக்ஷாக்கள் வரிசையாக நின்றதைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். 1960களின் தொடக்கத்தில், மழையில் நனைந்து ஓடிய அத்தொழிலாளர்க்கு எம்.ஜி.ஆர். மழையங்கிகள் வழங்கியது மக்கள் மனத்தில் பதிந்தது. 1971இல் வெளிவந்த 'ரிக்ஷாக்காரன்' அவருக்குத் தேசிய விருதைத் தேடித் தந்தது. 1973இல் முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதியின் அரசு கை ரிக்ஷாவை ஒழித்து, மாற்றாகச் சைக்கிள் ரிக்ஷாக்களை அளித்தது. ஒழித்தது என்பதைவிட அளித்தது என்பதையே நாம் இங்கு முதன்மையாகக் கருதுகிறோம்.

இதற்கு மாறான வழியில் சென்றது ஜகார்த்தா. 'பெச்சாக்' எனப்படும் மூன்று சக்கர ரிக்ஷாக்கள் நகரின் அழகைக் கெடுக்கின்றன என்று கருதிய இந்தோனேசிய ஆட்சியாளர், 1980களில் பல்லாயிரக்கணக்கான வண்டிகளைப் பறித்து ஜகார்த்தா வளைகுடாவில் மூழ்கடித்தனர். கடலுக்குள் சென்றவை இரும்பும் மரமும் மட்டுமல்ல. ஒவ்வொன்றோடும் ஒரு வீட்டின் அடுப்பும் அணைந்தது.

இவ்விரு வழிகளுக்கும் இடையே நின்று சிந்தித்தது நம் உச்சநீதி மன்றம். சைக்கிள் ரிக்ஷாவை ஓட்டுபவனே அதன் உரிமையாளனாக இருக்கவேண்டும் என்று 1975இல் பஞ்சாபில் ஒரு சட்டம் வந்தது. நோக்கம் நல்லதே, வாடகை வாங்கும் இடைமனிதரை அது விலக்க எண்ணியது. ஆனால் வண்டி வாங்கப் பணமில்லாத ஏழை என்ன செய்வான்? அமிர்தசரஸ் தொழிலாளர் வழக்குத் தொடுத்தனர். 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு, சட்டம் செல்லும், செல்லாது என்ற அளவில் நின்றுவிடவில்லை. வங்கிக் கடன் பெற்றுத் தொழிலாளர் தாமே வண்டியின் உரிமையாளராவதற்கான திட்டத்தையே அது வகுத்துக் கொடுத்தது. ஷியாங்ஸி கண்ட கனவை ஒரு நீதிமன்றம் தன் தீர்ப்பில் எழுதிய நாள் அது என்று நாம் சொல்லலாம்.

கல்கத்தாவில் இன்னும் சிக்கல் தீரவில்லை. மேற்கு வங்கச் சட்டமன்றம் 2006இல் கை ரிக்ஷாவை ஒழிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. அது வழக்கில் சிக்கி நின்றது. பருவமழையில் தெருக்கள் ஆறாகும்போது மோட்டார் வண்டிகள் நின்றுவிடும். இடுப்பளவு நீரில் ரிக்ஷாவே நோயாளியை மருத்துவமனைக்கும் குழந்தையைப் பள்ளிக்கும் கொண்டுசேர்க்கும். இழுப்பவர்களுள் பெரும்பாலோர் பீகாரின் நிலமற்ற உழவர். மானக்கேடு என்று நாம் சொல்கிறோம். பசி அதனினும் பெரிய மானக்கேடு என்பது அவர்கள் விடை. மராட்டிய மாநிலத்தில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லாத மலைநகரான மாதேரானிலும் கை ரிக்ஷா நீடித்தது. 2025 ஆகஸ்டில் உச்சநீதி மன்றம் அதனை ஆறு மாதத்துக்குள் ஒழிக்க ஆணையிட்டது. உடனே நிறுத்தாமல், மின்சார ரிக்ஷாக்களை அத்தொழிலாளர்க்கே வழங்கி மறுவாழ்வு அளிக்குமாறும் பணித்தது. அத்தீர்ப்பு 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பை நினைவுகூர்ந்ததில் நமக்கு வியப்பில்லை.

டாக்காவின் வண்ணங்கள்

துயரத்தை மட்டுமே சொல்லி முடிப்பது நேர்மையாகாது. கல்கத்தாவிலிருந்து 1930களில் டாக்காவுக்குச் சென்ற சைக்கிள் ரிக்ஷா, அந்நகரின் முகமாகவே மாறிவிட்டது. அங்குள்ள ஓவியர்கள் அதன் பின்பலகையிலும் மேற்கூரையிலும் தாஜ்மகாலையும் பள்ளிவாசல்களையும் மயில்களையும் திரைநட்சத்திரங்களையும் கண்கூசும் வண்ணத்தில் தீட்டினர். பல்கலைக்கழகம் பயிலாத அந்தக் கைகளின் கலையை 2023இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பலகைக்குப் பெருமை கிடைத்தது நன்றே. மிதிப்பவனுக்கும் அதில் ஒரு பங்கு சேரவேண்டும் என்பது நம் விருப்பம்.

இன்று நம் தெருக்களில் ஓடுவது ஆட்டோ ரிக்ஷா. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவான மூன்று சக்கர மோட்டார் வண்டியின் வழித்தோன்றல் அது. 'ஆட்டோ' என்றால் தானே இயங்குவது. மனித வலிமை இயந்திரத்துக்கு மாறியதால், பெயரில் எஞ்சியிருந்த வலுவும் பொருளிழந்தது. பிறகு நாம் 'ரிக்ஷா'வையும் விட்டுவிட்டு 'ஆட்டோ' என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டோம். முதலில் ஆள் உதிர்ந்தான். பின்னர் வலுவும் வண்டியும் உதிர்ந்தன. தோக்கியோவில் பிறந்த மூன்று எழுத்தில் ஒன்றும் இன்று நம் நாவில் இல்லை.

சொல் உதிர்ந்தாலும் ஆள் இருக்கிறான். முன்னிருக்கையில் அமர்ந்து, தனதல்லாத வண்டிக்கு நாள் வாடகை செலுத்தி, முதல் சில சவாரிகளைப் பிறருக்காக ஓட்டுபவர் இன்றும் பலர். அடுத்த முறை இறங்கும்போது, கட்டணத்துக்காகப் பேரம் பேசுமுன் அவருடைய முகத்தை ஒருமுறை நோக்குவோமாக. டர்பன் வீதியில் அஞ்சி ஓடிய சிறுவனின் பெயரை நாம் இனிக் கேட்டறிய வழியில்லை. இவருடைய பெயரைக் கேட்டறியலாம்.